வைரஸ்: விஷத்தில் பிறந்த சொல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக் கொள்ளும் சொற்களில் ஒன்று வைரஸ். மவுஸைப் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே, யாராவது ஒருவர் வந்து, "கண்டதையும் கிளிக் பண்ணாதீர்கள், வைரஸ் வந்துவிடும்" என்று பயமுறுத்திவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக இயங்கினாலும் வைரஸ். பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும் வைரஸ். ஸ்கிரீன் இருட்டானாலும் வைரஸ்.

என்னிடம் இது குறித்துக் கேட்கப்படும் கேள்விகள் சுவையானவை. கம்ப்யூட்டரை உறை போட்டு மூடி வைத்தால் வைரஸ் வராதா? பக்கத்து மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து நம்முடையதற்கு ஒட்டிக் கொள்ளுமா? வைரஸ் வந்த கம்ப்யூட்டரைத் தொட்டால் வீட்டில் உள்ள குழந்தைக்கு ஏதேனும் ஆகுமா? இப்படிக் கேட்பவர்களைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்ட அதே சொல்லைக் கம்ப்யூட்டர் கடையிலும் கேட்கும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பது இயல்புதானே? குழப்பம் அவர்களிடம் இல்லை, பெயரில் இருக்கிறது.

எனவே இந்தக் கட்டுரையில் ஆன்டி வைரஸ் புரோகிராமை இன்ஸ்டால் செய்யும் வழியைச் சொல்லப் போவதில்லை. வைரஸ் என்ற சொல் எங்கே பிறந்தது, எப்படி மருத்துவத்திற்கு வந்தது, அங்கிருந்து உங்கள் மேஜைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். கதை தெரிந்தால் பயம் பாதி போய்விடும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

லத்தீனில் வீருஸ்

இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. பழைய ரோமானியர்கள் இதனைக் கிட்டத்தட்ட 'வீருஸ்' என்று உச்சரித்தார்கள். அவர்களுக்கு இது கிருமியின் பெயர் அல்ல. கிருமி என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பாம்பின் விஷம், செடிகளிலிருந்து வடியும் கடுமையான சாறு, பிசுபிசுப்பான அருவருப்பான திரவம், மூக்கைத் துளைக்கும் நாற்றம் ஆகிய எல்லாவற்றிற்கும் அவர்கள் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிய மருத்துவ நூல் இன்றும் கிடைக்கிறது. வெறிநாய் கடித்தால் அந்தக் கடிவாயிலிருந்து விஷத்தை உறிஞ்சி வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அதில் சொல்கிறார். அந்த இடத்தில் அவர் எழுதிய சொல் வீருஸ். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்குவது உண்மையிலேயே ஒரு வைரஸ்தான் என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் செல்சஸ் அதைத் தெரிந்து எழுதவில்லை. நாயின் எச்சிலில் பாம்புக்கு இருப்பது போல் ஒரு விஷம் இருக்கிறது என்ற பொருளில்தான் எழுதினார். சொல் தற்செயலாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்து கொண்டது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்தது. அப்போதும் பொருள் விஷம்தான். 18ஆம் நூற்றாண்டில், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயைக் கடத்தும் ஏதோ ஒரு பொருள் என்ற அர்த்தத்தில் டாக்டர்கள் இதனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்தப் பொருள் என்ன என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு வைத்த பெயராகவே அது நெடுநாள் இருந்தது.

நம் விஷத்திற்கு உறவு

இங்கே நமக்கு ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. வைரஸ் என்ற சொல்லும், நாம் அன்றாடம் சொல்லும் விஷம் என்ற சொல்லும் உறவினர்கள்.

விஷம் என்பது சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். பழைய தமிழில் அதனை விடம் என்று எழுதுவார்கள். நமக்கென்று உள்ள தமிழ்ச் சொல் நஞ்சு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை என்று மொழி அறிஞர்கள் கூறுகிறார்கள். அந்தப் பழைய மொழியில் விஷத்தைக் குறித்த ஒரு சொல், சமஸ்கிருதத்தில் விஷ என்றும், கிரேக்கத்தில் இயோஸ் என்றும், லத்தீனில் வீருஸ் என்றும் மாறியது.

'ஷ' எங்கே, 'ர' எங்கே என்று நீங்கள் கேட்கலாம். லத்தீனில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு உயிரொலிகளுக்கு இடையில் மாட்டிக் கொண்ட 'ஸ' ஒலி, காலப்போக்கில் 'ர' ஆகிவிடும். லத்தீனில் பூவுக்கு ஃப்ளோஸ் என்று பெயர். 'பூவின்' என்று சொல்ல வேண்டுமானால் ஃப்ளோரிஸ் என்பார்கள். அதே மாற்றம்தான் வீருஸிலும் நடந்திருக்கிறது. எனவே யாராவது "வைரஸ் என்றால் தமிழில் என்ன?" என்று கேட்டால், விஷம் என்று சொன்னாலே போதும். கம்ப்யூட்டர் வைரஸுக்கு நச்சு நிரல் என்று நம்மவர்கள் பெயர் வைத்ததும் இந்தப் பழைய பொருளோடு அழகாகப் பொருந்துகிறது.

இதே போல் தோன்றும் இன்னொரு கம்ப்யூட்டர் சொல் வர்ச்சுவல். வர்ச்சுவல் மெமரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கும் வைரஸுக்கும் உறவு இல்லை. லத்தீனில் ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. அந்த 'விர்' யாருக்கு உறவு தெரியுமா? நம்முடைய வீரன் என்ற சொல்லுக்கு! ஆக, உங்கள் கம்ப்யூட்டருக்குள் விஷத்தின் உறவினரும் இருக்கிறார். வீரனின் உறவினரும் இருக்கிறார்.

குறையாத விஷம்

சொல்லின் பொருள் மாறிய இடம் புகையிலைத் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் புகையிலை இலைகளில் திட்டுத் திட்டாக வெளுக்கும் ஒரு நோய் பரவியது. நோய் கண்ட செடியின் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதற்கும் நோய் வந்தது.

1892இல் ரஷ்யாவைச் சேர்ந்த திமித்ரி இவனோவ்ஸ்கி அந்தச் சாற்றைப் பீங்கான் வடிகட்டி ஒன்றில் வடிகட்டினார். பாக்டீரியாக்கள் புக முடியாத அளவுக்கு நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டி அது. வடிகட்டிய சாறும் நோயை உண்டாக்கியது. பாக்டீரியா வெளியிட்ட விஷம் சாற்றில் கரைந்திருக்கலாம் என்று அவர் எண்ணினார்.

1898இல் ஹாலந்து நாட்டின் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் இதே சோதனையைச் செய்தார். அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. சாற்றில் இருப்பது வெறும் விஷம் என்றால், அது செடிக்குச் செடி போகப் போகக் குறைய வேண்டும் அல்லவா? ஒரு சொட்டு விஷத்தை ஒரு குடம் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டை எடுத்து இன்னொரு குடத்தில் கலந்தால், வீரியம் போய்விடும். ஆனால் இந்தச் சாறு அப்படி இல்லை. முதல் செடியிலிருந்து எடுத்த சொட்டு இரண்டாவது செடியைக் கெடுத்தது. இரண்டாவதிலிருந்து எடுத்த சொட்டு மூன்றாவதையும் அதே வேகத்தில் கெடுத்தது. எத்தனை முறை மாற்றினாலும் வீரியம் குறையவில்லை.

அப்படியானால் அது செடிக்குள் போய்த் தன்னைத்தானே பெருக்கிக் கொள்கிறது என்றுதான் பொருள். அதுவும் வளரும் உயிருள்ள செல்களுக்குள் மட்டும்தான் பெருகுகிறது. வெளியே வைத்தால் சும்மா கிடக்கிறது. பெய்ஜரிங்க் இதற்கு வைரஸ் என்ற பழைய பெயரையே வைத்துக் கொண்டார். விஷம் என்ற சொல், பெருகும் விஷம் என்று ஆனது அப்போதுதான்.

அது ஒரு திரவம் என்று அவர் நினைத்தது மட்டும் சரியல்ல. 1935இல் வெண்டல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் அதனை உப்பைப் போல் படிகமாக்கிக் காட்டினார். இதற்காக 1946இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. 1939இல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அது குச்சி குச்சியாகத் தெரிந்தது. நீளம் சுமார் 300 நானோமீட்டர்.

அந்தக் குச்சிக்குள் இருப்பது என்ன? புரத உறைக்குள் சுருட்டி வைத்த ஒரு செய்தி. ஆர்.என்.ஏ. என்னும் இழையில் நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்ட, சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட செய்தி. 'என்னைப் போல் இன்னும் செய்' என்பதுதான் அதன் சாரம். நான்கு வகை எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு 2 பிட் போதும். கணக்குப் போட்டால் மொத்தம் 1,600 பைட். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு போட்டோவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இவ்வளவு சின்னச் செய்தி ஒரு தோட்டத்தையே அழிக்கிறது.

படிக்கும்போதே உங்களுக்குக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வருகிறதா? அதே எண்ணம் இன்னொருவருக்கும் வந்தது.

கம்ப்யூட்டருக்கு வந்த கதை

1983 நவம்பரில், தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃப்ரெட் கோஹன், கம்ப்யூட்டர் பாதுகாப்பு குறித்த வகுப்பிற்காக ஒரு சோதனையைத் திட்டமிட்டார். மற்றொரு புரோகிராமுக்குள் தன் பிரதியை எழுதி வைக்கும் புரோகிராம் அது. அந்தப் புரோகிராமை யாராவது இயக்கினால், அது அடுத்த புரோகிராமிலும் தன்னை எழுதிக் கொள்ளும். ஐந்து முறை சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்திற்குள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் அதன் கைக்குப் போய்விட்டது. ஒரு முறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியனார்ட் ஏடல்மேன். 1984இல் வெளிவந்த கோஹனின் ஆய்வுக் கட்டுரை இந்தப் பெயரை நிலைநிறுத்தியது.

கோஹனுக்கு முன்பும் இத்தகைய புரோகிராம்கள் இருந்தன. 1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது அமெரிக்கச் சிறுவன் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய எல்க் க்ளோனர், பிளாப்பி டிஸ்க் வழியாகப் பரவியது. நாம் பயன்படுத்தும் பி.சி. வகைக் கம்ப்யூட்டரில் பரவிய முதல் வைரஸ் 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்தப் பிரெய்ன் தென் கொரியாவையும் எட்டியது. 1988இல் அதனை நீக்க ஒரு புரோகிராம் எழுதியவர் ஆன் சியோல் சூ. அவர் மருத்துவம் படித்தவர். தம் புரோகிராமுக்கு அவர் வைத்த பெயர் வேக்சின், அதாவது தடுப்பூசி. கொரியாவில் இன்றும் ஆன்டி வைரஸ் புரோகிராமை வேக்சின் என்றே சொல்கிறார்கள்.

பெயரில் எது சரி, எது தவறு?

இப்போது முதலில் பார்த்த கேள்விகளுக்கு வருவோம்.

பெயரில் சரியாக இருப்பவை மூன்று. ஒன்று, கம்ப்யூட்டர் வைரஸும் ஒரு செய்திதான், கட்டளைகளின் தொகுப்புதான். இரண்டு, அதனால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. வேறொரு புரோகிராமோ ஃபைலோ அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அது இயக்கப்படவும் வேண்டும். மூன்று, பெய்ஜரிங்க் கண்டது போல, எத்தனை முறை பிரதி எடுத்தாலும் அதன் வீரியம் குறையாது. ஒரு பென் டிரைவில் மிச்சம் இருக்கும் ஒரே ஒரு பிரதி போதும், மறுபடி எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிட்டுப் பழைய பென் டிரைவைச் சோதிக்காமல் செருகுபவர்களுக்கு வைரஸ் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

தவறாக இருப்பவையும் மூன்று. கம்ப்யூட்டர் வைரஸ் தானாகத் தோன்றுவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியது. காற்றிலோ தூசியிலோ பரவாது, மனிதனைத் தொடாது, எனவே குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்றாவது, எல்லாக் கோளாறும் வைரஸ் அல்ல. ஹார்ட் டிஸ்க் பழையதானாலும் கம்ப்யூட்டர் மெதுவாகும். காய்ச்சல் எல்லாம் டைபாய்டு ஆகிவிடாது அல்லவா?

இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போகிறது என்று ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார்கள். "வைரஸ் முற்றிவிட்டது, ஃபார்மட் செய்தால்தான் சரியாகும்" என்றார்கள். பயத்தில் தலையாட்டிவிட்டார்கள். மகளின் திருமணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. ஃபார்மட் செய்த பிறகும் கம்ப்யூட்டர் நின்று நின்றுதான் போனது. பிறகு என்னிடம் கொண்டு வந்தார்கள். உள்ளே இருந்த ஃபேன் தூசியடைத்துச் சுற்றாமல் இருந்தது. சூட்டில் நின்று போயிருக்கிறது. தூசியைத் தட்டியதும் சரியாகிவிட்டது. படங்கள் மட்டும் திரும்பவில்லை. அந்த வீட்டில் படங்களை அழித்தது வைரஸ் அல்ல, வைரஸ் என்ற சொல்.

தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பது எங்களுக்குத் தெரிகிறது" என்று சொல்பவர்களும், இன்டர்நெட்டில் உலவும்போது திடீரென்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டிப் பணம் கேட்பவர்களும் நம்புவது இந்தச் சொல்லின் பயத்தைத்தான். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவரால் தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியாது. பேசாமல் போனை வையுங்கள். அந்த விண்டோவை மூடுங்கள்.

வைரஸின் சுற்றமும் நட்பும்

ஆன்டி வைரஸ் புரோகிராமைத் திறந்தால் வேறு சில சொற்களும் கண்ணில் படும். அவற்றின் பிறப்பையும் தெரிந்து கொண்டால் மறக்காது.

வார்ம்: புழு என்று பொருள். இது பழைய ஆங்கிலச் சொல். லத்தீனின் வெர்மிஸ் இதற்கு உறவு. மண்புழு உரத்தை வெர்மி கம்போஸ்ட் என்கிறோமே, அந்த வெர்மி இதுதான். வைரஸ் மற்றொரு ஃபைலில் ஒட்டிக் கொள்ளும். வார்ம் அப்படி ஒட்டத் தேவையில்லை. நெட்வொர்க் வழியாகத் தானே ஊர்ந்து போகும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை இந்த வகை.

ட்ரோஜன்: கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய் நகருக்குள் நுழைந்த கதையிலிருந்து வந்த பெயர். நல்ல புரோகிராம் போல நடித்து, நம் கையாலேயே உள்ளே வரும்.

மால்வேர்: லத்தீனில் மாலுஸ் என்றால் கெட்டது. மேலே சொன்ன எல்லாவற்றிற்கும் பொதுப் பெயர்.

வேக்சின்: லத்தீனில் வாக்கா என்றால் பசு. எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசுவின் அம்மையை வைத்துப் பெரியம்மையைத் தடுத்ததால் வந்த பெயர்.

குவாரன்டைன்: 40 என்னும் எண்ணிலிருந்து வந்தது. பிளேக் நோய்க்குப் பயந்து, வெனிஸ் நகரில் கப்பல்களை 40 நாள் ஒதுக்கி நிறுத்தி வைத்தார்கள். உங்கள் ஆன்டி வைரஸ் ஒரு ஃபைலைக் குவாரன்டைன் செய்தேன் என்றால், அழித்துவிட்டேன் என்று பொருள் அல்ல. ஓடாதபடி ஒதுக்கிப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று பொருள். தவறுதலாகப் பிடிபட்ட ஃபைலாக இருந்தால் அங்கிருந்து மீட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு சிறு செய்தி. ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்களைச் சிலர் 'வைரை' என்றும் 'வைரியை' என்றும் எழுதிப் புலமை காட்டுவார்கள். லத்தீனில் இந்தச் சொல் தண்ணீர், எண்ணெய் போல எண்ண முடியாத பொருளைக் குறித்தது. பழைய லத்தீன் நூல்களில் இதற்குப் பன்மையே காணப்படவில்லை. தமிழில் வைரஸ்கள் என்று எழுதுவதே போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பெயரின் கதையிலிருந்தே பாதுகாப்பு வழிகளும் கிடைக்கின்றன.

1. இயக்கினால்தான் பெரும்பாலான வைரஸ் வேலை செய்யும். எனவே தெரியாத ஈமெயிலில் இணைத்து வரும் ஃபைலைத் திறக்காதீர்கள். 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்ற பெயரில் வந்த ஐ லவ் யூ வார்ம், லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் படங்களின் மேல் தன்னை எழுதி அழித்தது. டெக்ஸ்ட் ஃபைல் போலத் தோன்றிய அதன் பெயரின் இறுதியில் வி.பி.எஸ். என்ற துணைப்பெயர் மறைந்திருந்தது.

2. அந்தத் துணைப்பெயர் கண்ணில் படும்படி செய்யுங்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோ என்று வந்த ஃபைல் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது போட்டோ அல்ல.

3. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். வார்ம்கள் நுழைவது அடைக்கப்படாத ஓட்டைகள் வழியாகத்தான். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரும் இயங்கட்டும்.

4. பிறர் தரும் பென் டிரைவைச் செருகியதும் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

5. எல்லாவற்றையும்விட முக்கியமானது பேக்அப். வைரஸ் தன்னைப் பிரதி எடுத்துக் கொண்டுதான் பிழைக்கிறது. நீங்களும் உங்கள் படங்களையும் கடிதங்களையும் பிரதி எடுத்து, கம்ப்யூட்டருடன் இணைக்காத வேறொரு டிஸ்க்கில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஐந்தாவதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். அதைச் செய்து முடித்தவருக்கு வைரஸ் என்பது ஒரு தொல்லை மட்டுமே. செய்யாதவருக்குத்தான் அது விஷம்.